எங்கிருந்து வருகிறது அந்தக் காற்று?

பழைய நான்கு கார்புரேட்டர் வண்டிகளோடு பழகிய ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், மற்ற எல்லாப் பழுதுகளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு நினைவில் முன்னே வந்து நிற்பது ஒன்றுதான்: எஞ்சின் சூடான பிறகு இறங்க மறுக்கும் ஐடிலிங். காலையில் சோக் போட்டு எழுப்பினால் வண்டி ஒழுங்காகத்தான் நிற்கும். கொஞ்ச தூரம் ஓடி சூடேறியபின் ஆக்சிலேட்டரை விட்டால், நிமிடத்துக்கு 950 சுற்று இருக்க வேண்டிய ஹோண்டா சிபி750 இரண்டாயிரத்தைத் தாண்டிக் கத்திக்கொண்டிருக்கும். ஒருமுறை முறுக்கிவிட்டால் மேலே ஏறிய டாக்கோமீட்டர் ஊசி கீழே வர மனமில்லாமல் அங்கேயே தொங்கும். ஹோண்டாவில் மட்டுமல்ல, சுசுகி ஜிஎஸ் வரிசையிலும் கவாசாகி இசட் வரிசையிலும் இதே நடத்தையைப் பார்க்கலாம். இவற்றின் நடுவே கழிந்த காலம் எனக்குள் ஒரு கருத்தை உறுதியாக்கியது. ஐடிலிங் ஏறிவிட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வேண்டாத காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான். ஐடிலிங் வேகத்தை அமைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவின் முறை எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. பட்டறைகளில் நான் கண்ட வழக்கம் பெரும்பாலும் இதற்கு நேரெதிர். எடுத்தவுடன் ஸ்க்ரூடிரைவர் ஸ்லோ ஸ்க்ரூவைத்தான் தேடிப் போகும். அந்த வழக்கம் ஏன் தவறு என்பதற்குக் காரணங்கள் உண்டு.

ஐடிலிங்கில் எஞ்சின் எந்த வேகத்தில் நிற்கும்? எரிவதால் கிடைக்கும் விசையும், உராய்வில் கரைந்துபோகும் விசையும் எங்கே சமமாகின்றனவோ அந்த வேகத்தில். எவ்வளவு எரியும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே போகும் காற்று. அதே காற்றில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டினாலோ குறைத்தாலோ வேகம் சில நூறு சுற்றுகள் அசையலாம், இரண்டு மடங்காகாது. ஆகவே 950-இல் நிற்க வேண்டியது 2,500-க்குப் போனால், எங்கோ கூடுதலாகக் காற்று நுழைந்திருக்கிறது என்றுதான் முதலில் கொள்ள வேண்டும். இதற்கு வண்டியே இன்னொரு சான்றும் தருகிறது. இப்படிப்பட்ட வண்டி நெடுஞ்சாலையில் குறையே இல்லாமல் ஓடும்; நின்றால்தான் தொல்லை. காற்றின் வழியை அடைக்கும் கார்புரேட்டர் ஸ்லைடு மூடியிருக்கும்போது உள்ளே உறிஞ்சும் விசை மிக அதிகம், போகும் காற்றோ மிகக் குறைவு. அந்த நிலையில் ஊசித்துளை அளவு ஓட்டையும் பெரிய பங்கைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். முழுதாக முறுக்கி ஓட்டும்போது அதே ஓட்டை இருந்த இடம் தெரியாது. சூடானபின் மட்டும் தொல்லை வருவதற்கும் இதே வழியில் விளக்கம் உண்டு. குளிர்ந்த எஞ்சினுக்குச் செறிவான கலவை வேண்டும். வேண்டாத காற்று கலவையை மெலிதாக்குவதால் காலையில் வேகம் ஏறுவதில்லை. சூடு ஏற ஏற, மெலிந்த கலவையும் நன்றாக எரியத் தொடங்குகிறது, ஆயில் இளகி உராய்வும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து ஊசியை மேலே தள்ளுகின்றன.

ஒரே கார்புரேட்டர் உள்ள வண்டியில் இந்தத் தேடல் எளிது. பல கார்புரேட்டர் வண்டியில் அது ஏன் திசைமாறிப் போகிறது என்பதற்கு அந்த அமைப்பையே கொஞ்சம் பார்க்க வேண்டும். 1968 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் வைக்கப்பட்டு 1969-இல் விற்பனைக்கு வந்த சிபி750, 736 சிசி எஞ்சினுக்கு நான்கு கெய்ஹின் கார்புரேட்டர்களைக் கொண்டிருந்தது. சிலிண்டருக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்ளோட், தனி பைலட் ஜெட், தனி ரப்பர். முதல் வண்டிகளில் கைப்பிடியிலிருந்து வந்த ஒரு கேபிள் நடுவில் நான்காகப் பிரிந்து நான்கு ஸ்லைடுகளையும் இழுத்தது. நான்கு கேபிள்களும் ஒரே சீராக நீளாதவரை நான்கும் ஒரே அளவில் திறக்காது என்பதால், விரைவிலேயே எல்லாவற்றையும் ஒரே தண்டில் கோத்து, திறக்க ஒரு கேபிள், மூட ஒரு கேபிள் என்று மாற்றினார்கள். அந்தத் தண்டு ஓய்ந்து நிற்கும் இடத்தைத்தான் ஸ்லோ ஸ்க்ரூ தீர்மானிக்கிறது. அதாவது அந்த ஒற்றைத் திருகு நான்கு கார்புரேட்டர்களையும் சேர்த்தே தூக்கும், சேர்த்தே இறக்கும். குறை உள்ள ஒன்றை மட்டும் அதனால் தொட முடியாது. நான்கு பேர் தோளில் போகும் சப்பரத்தில் ஒருவர் தோளைச் சற்றே தளர்த்தினால் மற்ற மூவர் தாங்கிக்கொள்வார்கள். வீதியில் நிற்பவருக்கு சப்பரம் போவதுதான் தெரியும், தளர்ந்த தோள் தெரியாது. டாக்கோமீட்டர் காட்டுவதும் அப்படி நான்கும் சேர்ந்த ஒரே எண்ணைத்தான்.

இதனால்தான் உயர்ந்த ஐடிலிங் பல வேளைகளில் முன்பு யாரோ செய்த வைத்தியத்தின் விளைவாக இருக்கிறது. அது நடக்கும் வரிசை எனக்கு மனப்பாடம். வண்டி சில மாதம் ஓடாமல் நிற்கிறது. ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றி, பசைபோல் ஒட்டுகிறது. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. முதலில் அடைபடுவது அதுதான். ஒரு சிலிண்டர் ஐடிலிங்கில் எரிவதை நிறுத்துகிறது. வண்டி சிக்னலில் நின்றுவிடுகிறது. உடனே ஸ்லோ ஸ்க்ரூ இரண்டு சுற்று ஏற்றப்படுகிறது. இப்போது நான்கு ஸ்லைடுகளும் சற்று மேலே நிற்பதால் நல்ல மூன்று சிலிண்டர்கள் அதிகம் உழைத்து, செத்த நான்காவதையும் சுமந்து வண்டியை அணையாமல் காக்கின்றன. பிறகொரு நாள் நெடுந்தூரம் ஓடியதில் அடைப்பு கொஞ்சம் கரைந்து நான்காவதும் எரியத் தொடங்கினால், அத்தனை திறப்பும் தேவைக்கு மிஞ்சியதாகிவிடுகிறது, வேகம் எகிறுகிறது. அதாவது அந்தக் கூடுதல் காற்று ஓட்டை வழியாக வரவில்லை. நாமே வாசலைத் திறந்துவைத்திருக்கிறோம். எரியாத சிலிண்டர் ஒன்று இருக்கிறதா என்று உறுதிசெய்ய ஒரு சோதனை போதும். குளிர்ந்த எஞ்சினை எழுப்பியதும் நான்கு சைலன்சர் குழாய்களிலும், எஞ்சினை ஒட்டிய இடத்தில், ஒவ்வொரு துளி தண்ணீர் விட வேண்டும். மூன்றில் சீறி ஆவியாகும். ஒன்றில் சும்மா வழியும். சிபி750-இல் 1-ம் 4-ம் ஒரு காயில், 2-ம் 3-ம் இன்னொரு காயில் இணைந்திருப்பதால் இன்னும் ஒரு படி போகலாம். ஜோடியாக இரண்டும் குளிர்ந்திருந்தால் காயிலையோ பாயின்ட்டையோ பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் முதலில் அந்தச் சிலிண்டரின் பிளக், பிறகு அதன் கார்புரேட்டர் அல்லது வால்வு.

இங்கே ஒரு மறுப்பு வரும். ஏற்றிய ஸ்க்ரூவை இறக்கினால் வேகமும் இறங்குகிறதே, வண்டி ஓடுகிறதே, இதற்கு மேல் எதற்கு ஆராய்ச்சி? நேரத்தை நம்பிப் பிழைக்கும் மெக்கானிக் கேட்டால் அதில் நியாயம் உண்டு என்றே சொல்வேன். ஆனால் இறக்கிய பிறகு நடப்பதையும் பார்க்க வேண்டும். காற்று வேறு ஓட்டை வழியாக வந்துகொண்டிருந்தால், ஸ்க்ரூவை இறக்க இறக்க நல்ல சிலிண்டர்களுக்குப் போக வேண்டிய கலவையைத்தான் குறைக்கிறோம்; ஓட்டை உள்ள சிலிண்டர் தன் போக்கில் இருக்கிறது. விளைவு, சூட்டில் சரியாக நிற்கும் வண்டி மறுநாள் காலை குளிரில் நிற்காது. மறுபடி ஏற்றல், மறுபடி இறக்கல். ஸ்க்ரூ தண்டைத் தொடாத அளவுக்குப் பின்வாங்கியும் வேகம் குறையவில்லை என்றால், அதுவே மறுக்க முடியாத சான்று: ஸ்லைடுகள் தங்களால் முடிந்தவரை மூடிவிட்டன அல்லது வேறெதிலோ சிக்கி நிற்கின்றன. அப்போது ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுதாகத் திருப்பிப் பார்ப்பது நல்லது. வேகம் மாறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. கார்புரேட்டரைக் கழற்றவே வேண்டாம். சோக் லிவரையும் பார்க்க வேண்டும். பாதி வழியில் சிக்கிய சோக், பல வண்டிகளில் ஸ்லைடையோ பட்டர்ஃபிளையையோ சேர்த்தே சற்றுத் தூக்கிவைத்திருக்கும்.

நான்கையும் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டால் எல்லாம் தீரும் என்பது இரண்டாவது மறுப்பு. பத்தாண்டு கொட்டகையில் கிடந்த வண்டிக்கு அது சரி. அங்கே சுத்தம் செய்யாமல் எந்தச் சோதனைக்கும் பொருளில்லை. போன வாரம் வரை ஓடிய வண்டிக்கு நான் அதை ஏற்பதில்லை. நான்கையும் ஒரே நாளில் பிரித்தால் நான்கின் ஃப்ளோட் உயரம், ஜெட், ஓ-ரிங், ஒன்றோடொன்றின் சமநிலை எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அதன்பின் வேகம் இறங்கினாலும் எதனால் இறங்கியது என்று தெரியாது. ஏறினால் நிலைமை இன்னும் மோசம். கூடவே, மலிவான கிட்டுகளில் வரும் ஜெட்டுகளின் துளை அளவை நம்பி ஐம்பதாண்டுப் பழைய அசல் பித்தளை ஜெட்டைத் தூக்கி எறிவது எனக்கு வருத்தம் தரும் வழக்கம். சில கெய்ஹின்களில் பைலட் ஜெட் மரையில்லாமல் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். அதை அவசரத்தில் பிடுங்கி உடைத்துவிட்டு மாற்றுக்கு அலைந்தவர்கள் உண்டு. பழைய ஜெட்டைக் கெரோசினில் ஊறவைத்து, மெல்லிய ஒற்றைச் செம்புக் கம்பி இழையால் துளையைக் கீறாமல் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும்.

மூன்றாவது மறுப்பு கூர்மையானது, அனுபவசாலிகளிடமிருந்து வருவது. வேக்குவம் கேஜை மாட்டி நான்கையும் சமன்செய்தால் குறை தானாகத் தெரியும், கேஜ் ஏமாற்றாது என்பார்கள். கேஜ் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஓட்டை இருக்கும்போது சமன்செய்தால் என்ன நடக்கிறது என்று யோசிக்க வேண்டும். மூன்றாம் சிலிண்டரின் ரப்பரில் வெடிப்பு என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் காற்றால் அங்கே உறிஞ்சல் குறைவாகக் காட்டும். அதை மற்றவற்றோடு சமமாக்க, மூன்றாம் ஸ்லைடை மூடுவோம். நான்கு ஊசிகளும் ஒரே கோட்டில் நிற்கும். பார்க்க மனநிறைவாக இருக்கும். உண்மையிலோ மூன்றாம் சிலிண்டர் தன் காற்றில் ஒரு பங்கை வெடிப்பு வழியாக, பெட்ரோல் கலக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறது. பழுதை நாம் சமன்பாட்டுக்குள் புதைத்துவிட்டோம். டாப்பெட் இறுக்கமாக இருந்தாலும் இதே கதைதான். வால்வு சரியாக மூடாத சிலிண்டரிலும் உறிஞ்சல் குறையும், குற்றம் கார்புரேட்டர்மேல் விழும். சிபி750-க்கு எஞ்சின் குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.05 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.08 மில்லிமீட்டர் என்பது அளவு. இவ்வளவு நுண்ணிய இடைவெளி தேய்மானத்தில் காணாமல்போவது இயல்பு. அதனால் டாப்பெட் முதலில், ஓட்டை தேடுவது அடுத்து, சமன்செய்வது அதன்பின் என்ற வரிசையை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

என் கருத்துக்கு உண்மையான விலக்கு ஒன்று இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. பாயின்ட் வைத்த பழைய வண்டிகளில், வேகம் கூடக்கூட ஸ்பார்க்கை முன்னதாக வரவைக்க, சுழலும் இரண்டு எடைகளும் அவற்றைப் பின்னிழுக்கும் சிறு ஸ்பிரிங்குகளும் உண்டு. ஸ்பிரிங் தளர்ந்தாலோ, கிரீஸ் காய்ந்து எடைகள் பிடித்துக்கொண்டாலோ ஐடிலிங்கில் அவை பழைய இடத்துக்குத் திரும்பாது. ஸ்பார்க் முந்தியே நிற்கும். அதே காற்று, அதே பெட்ரோல், ஆனால் வேகம் கூடும். கூடிய வேகம் எடைகளை இன்னும் விரிக்கும். காற்றைத் தேடி எத்தனை நாள் அலைந்தாலும் இங்கே விடை கிடைக்காது. நல்லவேளையாக இதைப் பிரித்தறிவது எளிது. டைமிங் லைட்டைப் பிடித்தால் ஐடிலிங்கில் எஃப் குறி அசைவில்லாமல் நேரே நிற்க வேண்டும். லைட் கைவசம் இல்லாவிட்டால், எஞ்சினை நிறுத்திப் பாயின்ட் கேமை விரலால் திருப்பி விட்டுப் பார்க்கலாம். சட்டென்று தானே திரும்பி வர வேண்டும். சோம்பலாக வந்தால் கழற்றித் துடைத்து ஒரு சொட்டு ஆயில் விடுவதே வைத்தியம். டாப்பெட்டோடு சேர்த்து இதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இவை இரண்டும் சரி என்றால், வெளியிலிருந்து காற்று வரும் இடங்கள் அதிகமில்லை. கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் முதல் சந்தேகத்துக்குரியது. வெளியே பளபளப்பாக இருந்தாலும், வளைத்துப் பார்த்தால் உள்ளே வெடிப்பு தெரியும். சுசுகி ஜிஎஸ் வண்டிகளில் அந்த ரப்பரின் பின்னால் ஹெட்டில் பதியும் ஓ-ரிங் ஒன்று உண்டு. எஞ்சின் சூட்டில் அது பிளாஸ்டிக் துண்டுபோல் இறுகித் தட்டையாகிவிடும். ரப்பரை மட்டும் புதிதாக்கி ஓ-ரிங்கை விட்டுவிட்டால் செலவு வீண். கேஜ் மாட்டும் துளைகளின் சிறு மூடிகள், வேக்குவத்தால் திறக்கும் பெட்ரோல் டேப்பின் குழாய், இவையும் வெடிக்கும். பட்டர்ஃபிளை உள்ள கார்புரேட்டர்களில் அதன் தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால், நான்கையும் பிரிக்காமல் அதை மாற்ற வழியில்லை. தேடலில் என்னைச் சோர்வடையச் செய்யும் ஒரே இடம் அது. எந்த இடம் என்று கண்டுபிடிக்க, ஓடும் எஞ்சினின் ரப்பர்மேல் கார்ப் கிளீனர் தெளித்து வேகம் மாறுகிறதா என்று பார்ப்பது பரவலான வழக்கம். சூடான சைலன்சருக்கு மேலே எரியும் திரவத்தைத் தெளிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பூச்செடிக்குத் தெளிக்கும் சிறு குப்பியில் தண்ணீர் எடுத்து ஒவ்வோர் இணைப்பாகத் தெளித்தால் போதும். வெடிப்பைத் தண்ணீர் ஒரு கணம் அடைக்கும்; வேகம் சட்டென்று தடுமாறும்.

நம்மூரில் பல கார்புரேட்டர் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 1983 முதல் எஸ்கார்ட்ஸ் விற்ற ராஜ்தூத் 350. யமஹா ஆர்டி350-இன் இந்திய வடிவம். இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், டூ-ஸ்ட்ரோக். இங்கே கோத்த தண்டு கிடையாது. கைப்பிடியிலிருந்து வரும் கேபிள் மூன்றாகப் பிரிந்து இரண்டு ஸ்லைடுகளுக்கும் ஆயில் பம்புக்கும் போகிறது. ஒரு கிளைக் கேபிள் சற்றே இறுகினால் ஒரு ஸ்லைடு முழுதாக இறங்காது. ஆகவே முதல் சோதனை கேபிளின் தளர்வு. அது சரியாக இருந்தும் வேகம் இறங்காவிட்டால் என் கவலை கிராங்க் சீலுக்குப் போகும். டூ-ஸ்ட்ரோக் கிராங்க் கேஸ் வழியாகவே மூச்சு வாங்குவதால், சீல் போனால் அதுவும் காற்று நுழையும் வழிதான். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெண்புகை கக்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மேக்னட் பக்கத்துச் சீல் போனால் வெறும் காற்று. புகையில்லை, ஓசையில்லை, ஐடிலிங் மட்டும் ஏறும். இதை ஸ்லோ ஸ்க்ரூவால் மறைத்து ஓட்டினால் மெலிந்த கலவையின் சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். நான்கு சிலிண்டர் ஹோண்டாவில் அலட்சியம் வெறும் தொல்லையாக முடியலாம். ராஜ்தூத்தில் அது எஞ்சினையே கேட்கும்.

கடைசியாகப் பெட்ரோல். அதைப் பின்னுக்குத் தள்ளியே பேசிவந்தேன். ஆனால் அதற்கும் ஓர் இடம் உண்டு, அந்த இடம் இன்று பெரிதாகிவருகிறது. அமெரிக்காவில் 1978 முதல் மோட்டார்சைக்கிள்களுக்குப் புகைக் கட்டுப்பாடு வந்தபோது, ஜப்பானிய நிறுவனங்கள் பைலட் கலவையை மெலிதாக்கி, அதைக் கட்டுப்படுத்தும் பைலட் திருகை யாரும் தொடாதபடி மூடிவைத்து அனுப்பின. அந்த வண்டிகள் புதிதாக இருந்தபோதே மெலிதின் விளிம்பில்தான் ஓடின. சிறு ஓட்டையும் அவற்றைத் தொங்கவைக்கும். இந்தியாவில் 2023 பிப்ரவரி முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துகொண்டிருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இந்தக் கலவைக்கு அது 13.5-ஐ ஒட்டி வரும். ஜெட் மாறாத பழைய கார்புரேட்டரில் கலவை எட்டு விழுக்காடு அளவுக்கு மெலிந்துவிடுகிறது என்று பொருள். அப்படியானால் இது காற்றின் குறையா, பெட்ரோலின் குறையா என்று கேட்கலாம். விகிதம் என்ற அளவில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு, ஓட்டை பொதுவாக ஒரு சிலிண்டரைத்தான் தாக்கும், எத்தனால் நான்கையும் ஒரே அளவில் தாக்கும். நான்கு பிளக்குகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று மட்டும் வெளுத்திருக்கிறதா, நான்குமே வெளுத்திருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். நான்கும் வெளுத்திருந்து, டாப்பெட், டைமிங், ரப்பர் எல்லாம் சரியாக இருந்தால்தான் பைலட் திருகைத் தொட வேண்டும். கார்புரேட்டரில் திருகு ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருப்பினால் செறிவாகும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்ப வேண்டும். நான்கிலும் கால் சுற்று, பிறகு ஒருமுறை முறுக்கிவிட்டு ஊசி இறங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். இன்னும் தொங்கினால் மேலும் கால் சுற்று. 950-க்கும் கீழே விழுந்து மீண்டும் ஏறினால் செறிவு மிஞ்சிவிட்டது, சற்றுத் திருப்ப வேண்டும். நேராக இறங்கி எங்காவது நின்றபின் ஸ்லோ ஸ்க்ரூவைப் பிடித்து 950-இல் வைக்கலாம்.